வலங்கைமான் கூடத்தில் ஒரு வி.ஆர் பெட்டி... அப்பாயி பார்த்த சிங்கப்பூர்!

வி.ஆர் ஹெட்செட் என்ற பெயரை இதற்குள் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முகத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, காற்றில் கையை வீசி, இல்லாத பந்தை அடித்து, இருக்கிற நாற்காலியில் முட்டிக்கொள்ளும் மனிதர்களின் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பெரிய நகரத்து மால்களில் பத்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட்டு விளையாட விடுகிறார்கள். ஆனால், அதே பெட்டி ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? அதுவும் திண்ணை, கூடம், முற்றம் என்றிருக்கும் டெல்டா வீட்டுக்குள் வந்தால்?

இந்தப் பொங்கல் விடுமுறையில் எங்கள் வலங்கைமான் வீட்டுக்கு வந்தது. 14 வயது தம்பியிலிருந்து 78 வயது அப்பாயி வரை ஆளுக்கொரு முறை மாட்டிப் பார்த்துவிட்டோம். யாருக்குப் பிடித்தது, யாருக்குத் தலை சுற்றியது, எதில் கவனம் வேண்டும், கடைசியில் எங்கள் வீட்டில் எல்லோரையும் பேச்சில்லாமல் உட்காரவைத்தது எது... எல்லாவற்றையும் பார்ப்போம்.

கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில்...

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற சாலையில், திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது வலங்கைமான். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, தீபாவளிக்கு முன்பு சுற்று வட்டாரமே வந்து அள்ளிப்போகும் பட்டாசு. மற்றொன்று, பங்குனியில் மகா மாரியம்மன் கோயிலில் நடக்கும் பாடைக்காவடி. உயிர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள், பிழைத்து எழுந்தபின் பாடையில் படுத்து வந்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். கொஞ்சம் பழைய ஆட்களைக் கேட்டால் ஆங்கிலப் புலமைக்குப் பேர்போன சீனிவாச சாஸ்திரி 1869-ல் பிறந்த ஊர் இது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. தெருவுக்கு நாலு வீட்டிலாவது ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். எங்கள் வீட்டில் சித்தப்பா. சிங்கப்பூர் போய் 11 வருடம் ஆகிறது. அவர் வரும்போது சூட்கேஸில் என்னென்ன இருக்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கோடாலித் தைலம், சாக்லேட், டார்ச் லைட், அப்பாயிக்கு ஒரு போர்வை. இந்த முறை போர்வைக்குள் பத்திரமாகச் சுற்றிவைத்த ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்தது. கூட வேலை பார்த்தவர் ஊருக்குக் கிளம்பும்போது கைமாற்றிவிட்டுப் போன மெட்டா குவெஸ்ட் 2.

"என்னடா இது, டைனமோ வச்ச கண்ணாடியா?" என்றார் அப்பா.

"இத மாட்டுனா வேற ஊருக்கே போயிடலாம்ணே" என்றார் சித்தப்பா.

"டிக்கெட் இல்லாமயா?" என்று கேட்டது, ஓரமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பாயி.

மாட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம்

புது மொபைல் வாங்கியதும் சிம் போட்டு ஆன் செய்வதுபோல இதை உடனே பயன்படுத்த முடியாது. குவெஸ்ட் வரிசை ஹெட்செட்டுகளுக்கு முதலில் ஒரு மெட்டா கணக்கு வேண்டும். ஆரம்பத்தில் ஃபேஸ்புக் கணக்கு இருந்தால்தான் குவெஸ்ட் 2-வைத் திறக்க முடியும் என்றிருந்தது. 2022 ஆகஸ்ட்டில் அந்தக் கட்டாயம் நீங்கியது. மொபைலில் அதற்கான செயலியை இறக்கி, வைஃபையில் இணைத்து, ஹெட்செட்டை மொபைலோடு சேர்க்க வேண்டும். பழையது வாங்கினால் முந்தைய உரிமையாளரின் கணக்கை நீக்கி, கருவியை ஆலை நிலைக்குத் திருப்புவது முதல் வேலை. அவர் பக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்துகொள்வது நல்லது.

அடுத்து, கண்களின் இடைவெளி. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். குவெஸ்ட் 2-ல் 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகளில் லென்ஸை நகர்த்திக்கொள்ளலாம். இதைச் சரியாக வைக்காவிட்டால் படம் மங்கலாகத் தெரியும், கண்ணும் சீக்கிரம் வலிக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்காக ஒரு இடைச்சட்டமும் பெட்டியோடு வரும். அதைப் போடாமல் மாட்டினால் மூக்குக்கண்ணாடி உரசி லென்ஸில் கீறல் விழும்.

பிறகு, எல்லைக்கோடு. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையில் இருக்கும் கன்ட்ரோலரால் தரையில் கோலம் போடுவதுபோல ஒரு வட்டம் வரைய வேண்டும். அதைத் தாண்டிக் காலோ கையோ போனால் கண் முன்னால் வலை மாதிரி ஒரு சுவர் தோன்றி எச்சரிக்கும். நின்று விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டராவது காலி இடம் வேண்டும். எங்கள் கூடத்தில் அரிசி மூட்டையையும் அப்பாவின் ஈஸிசேரையும் நகர்த்திய பிறகு அந்த இடம் கிடைத்தது.

ஆனால், அந்த எல்லைக்கோடு தரையில் மட்டும்தான். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி அதற்குத் தெரியாது. பழைய வீடுகளில் உத்தரம் தாழ்வாக இருக்கும், விசிறி கைக்கு எட்டும். எனவே எங்கள் வீட்டில் போட்ட முதல் சட்டம்: 'ஹெட்செட் மாட்டினால் கூடத்து ஃபேனை நிறுத்து. டேபிள் ஃபேன் போதும்.'

திருவிழா பயாஸ்கோப்பின் பேத்தி

இந்தப் பெட்டி ஏதோ நேற்று முளைத்தது இல்லை. நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை அந்த இரண்டையும் சேர்த்து 'இது பக்கத்தில், அது தூரத்தில்' என்று கணக்குப் போடுகிறது. இதைப் பயன்படுத்தி, இரண்டு படங்களை இரண்டு கண்களுக்கும் தனித்தனியே காட்டும் கருவியை 1838-ல் உலகுக்கு விளக்கினார் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன். 1939-ல் வந்த வியூ மாஸ்டர் பொம்மை அதன் வாரிசு. திருவிழாக் கடைகளில் விசையை அழுத்தி அழுத்தி தாஜ்மகால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சினிமாவில் அதே வித்தையை நமக்குக் காட்டியது, 1984-ல் வந்த இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்'.

தலையில் மாட்டும் கணினித் திரையை 1968-ல் அமெரிக்காவில் செய்து காட்டியவர் ஐவன் சதர்லேண்ட். அது கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவுக்குக் கனம். அதன்பின் பல நிறுவனங்கள் முயன்றும் வீட்டுக்கு ஏற்ற விலையில் நல்ல கருவி வரவில்லை. 2012-ல் பால்மர் லக்கி என்ற 19 வயது இளைஞர், 'ஆக்குலஸ் ரிஃப்ட்' என்ற பெயரில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடமே பணம் திரட்டினார். 24 லட்சம் டாலர் சேர்ந்தது. 2014-ல் அந்த நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் வாங்குவதாக அறிவித்தது. அந்த வழியில் வந்ததுதான், 2020 அக்டோபரில் 299 டாலருக்கு, அன்றைய கணக்கில் சுமார் 22,000 ரூபாய்க்கு வெளியான குவெஸ்ட் 2. எடை சுமார் அரை கிலோ. ஒரு கண்ணுக்கு 1832 x 1920 புள்ளிகள். கணினியோ ஒயரோ தேவையில்லை. 2023-ல் குவெஸ்ட் 3, 2024-ல் குவெஸ்ட் 3எஸ் என்று அடுத்தடுத்த மாடல்களும் வந்துவிட்டன.

அரை கிலோ பெட்டி எப்படி நம்மை ஏமாற்றுகிறது? அதன் நான்கு மூலைகளில் இருக்கும் கேமராக்கள் அறையைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. உள்ளே இருக்கும் சென்சார்கள் தலையின் ஒவ்வோர் அசைவையும் அளக்கின்றன. நீங்கள் தலையை ஓர் அங்குலம் நகர்த்தினால் அதற்கேற்ற படத்தை உடனே வரைந்து தந்துவிடும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள். இதில் குறைந்தது 72.

மொபைலைச் செருகிப் பார்க்கும் மலிவான கண்ணாடிகளும் உண்டு. 2014-ல் கூகுள் அட்டைப்பெட்டியிலேயே அப்படி ஒன்றைச் செய்தது. 2023 ஐ.பி.எல் சமயத்தில் 1,299 ரூபாய்க்கு ஜியோ டைவ் வந்தது. அவற்றில் தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும். ஆனால் ஓர் அடி முன்னே வைத்தால் காட்சி முன்னே வராது. குவெஸ்ட்டில் நடக்கலாம், குனியலாம், மேசைக்கு அடியில் எட்டிப் பார்க்கலாம். விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

கூடத்தில் கிரிக்கெட், 80-வது மாடியில் அப்பா

முதல் ஆள், பத்தாம் வகுப்புக்குப் போகப்போகும் தம்பி. குவெஸ்ட் 2-ல் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' என்று ஒரு பயிற்சி இருக்கிறது. கண் முன்னால் இருக்கும் மேசையில் கட்டைகளை அடுக்கலாம், காகித விமானம் விடலாம், ஒரு ரோபோவுடன் கைகோத்து ஆடலாம். ஐந்தே நிமிடத்தில் கன்ட்ரோலர் பழகிவிட்டது. பிறகு, ஹைதராபாத்தைச் சேர்ந்த புரோயுகா நிறுவனம் உருவாக்கிய 'ஐபி கிரிக்கெட்'. எதிரே பந்துவீச்சாளர், சுற்றிலும் மைதானம், காதில் கூட்டத்தின் இரைச்சல். அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. "வயல்ல நாத்து அள்ளிப் போடச் சொன்னா மட்டும் முதுகு வலிக்குது இவனுக்கு" என்றார் அம்மா.

அதே அம்மாவுக்கு 'பீட் சேபர்' கொடுத்தோம். செக் குடியரசைச் சேர்ந்த சிறிய குழு 2018-ல் வெளியிட்ட விளையாட்டு. பாட்டின் தாளத்துக்கேற்பப் பறந்து வரும் கட்டைகளை இரண்டு கைகளிலும் இருக்கும் ஒளி வாள்களால் வெட்ட வேண்டும். உலகம் முழுக்கப் பலர் இதை உடற்பயிற்சியாகவே செய்கிறார்கள். முதல் பாட்டில் தடுமாறிய அம்மா, மூன்றாவது பாட்டில் தாளம் பிடித்துவிட்டார். கழற்றும்போது மூச்சு வாங்கியது. "கோலாட்டம்தான் இது. எதுக்க ஆளு மட்டும் இல்ல" என்றார். இளம் வயதில் மார்கழிக் கோலாட்டம் ஆடியவர்.

அப்பாவின் கதை வேறு. தென்னை மரம் ஏறித் தேங்காய் பறிக்கிறவர். அவருக்கு 'ரிச்சீஸ் பிளாங்க் எக்ஸ்பீரியன்ஸ்'. லிஃப்ட்டில் ஏறினால் கதவு திறக்கும் இடம் ஒரு வானளாவிய கட்டடத்தின் உச்சி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பலகை, கீழே பொம்மைகளைப்போல கார்கள். நிற்பது கூடத்துச் சிமென்ட் தரை என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் சித்தப்பா தோளைப் பிடித்திருப்பதும் தெரியும். இருந்தும் ஓர் அடி வைத்தவருக்கு இரண்டாம் அடி வரவில்லை. உள்ளங்கை வேர்த்துவிட்டது. "மரத்துல கைக்குப் புடிமானம் இருக்கு. இதுல காத்துதான் இருக்கு" என்று கழற்றிக் கொடுத்தார். உயரத்தைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்குச் சிகிச்சையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தைப் பழக்கவும் இதே மாதிரிக் காட்சிகளை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்றால் ஆச்சர்யம் இல்லை.

தலைசுற்றல் ஏன் வருகிறது?

எனக்குப் பந்தயக் கார் விளையாட்டு. மூன்றாவது வளைவிலேயே வயிறு புரட்டியது. கழற்றிவிட்டு முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் சரியானது.

இதற்கு எளிய விளக்கம் உண்டு. ஓடும் பேருந்தில் புத்தகம் படித்தால் சிலருக்குக் குமட்டும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது. புத்தகத்தைப் பார்க்கும் கண் 'நகரவில்லை' என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்புகிறது. வி.ஆரில் இது தலைகீழ். கண் 'நகர்கிறோம்' என்கிறது, உடல் அசையாமல் நிற்கிறது. அதனால்தான் நின்ற இடத்தில் கை வீசும் கிரிக்கெட்டும் பீட் சேபரும் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தருவதில்லை. கார், விமானம், ரோலர் கோஸ்டர் போன்றவை தொந்தரவு தருகின்றன. முதல் வாரம் இவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. லேசாகத் தலை சுற்றினால் 'பழகிடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. உடனே கழற்ற வேண்டும். முழுதாகத் தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

"உள்ள போ தம்பி..."

மூன்றாம் நாள் மாலை. அப்பாயிக்கு முழங்கால் வலி. கும்பகோணத்துக்குப் பேருந்தில் போய்வந்தே நாலு வருடம் இருக்கும். சித்தப்பா பலமுறை சிங்கப்பூருக்குக் கூப்பிட்டுப் பேச்சோடு நின்றது. அங்கே அவர் இருப்பது தொழிலாளர் விடுதியில். அம்மாவை அழைத்துப்போய் எங்கே தங்கவைப்பது என்பது ஒருபக்கம், செலவு மறுபக்கம்.

அப்பாயியை முதுகு சாய்ந்த நாற்காலியில் உட்காரவைத்தோம். கொண்டையை அவிழ்த்துத் தளர்வாகப் பின்னிவிட்டுத்தான் பட்டையை மாட்ட முடிந்தது. 'வாண்டர்' என்று ஒரு செயலி இருக்கிறது. கூகுளின் தெருக்காட்சிப் படங்களை வி.ஆரில் காட்டும். இந்தியாவில் அந்தத் தெருக்காட்சி 2022 ஜூலையில் 10 நகரங்களோடு தொடங்கியது. சிங்கப்பூரில் அதற்குப் பல வருடங்கள் முன்பே வந்துவிட்டது. அப்பாயி பார்ப்பது மொபைலிலும் தெரியும்படி வைத்துக்கொண்டோம். சித்தப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சிராங்கூன் சாலையைத் திறந்தார்.

கொஞ்ச நேரம் அப்பாயி பேசவே இல்லை. தலை மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பியது.

"கோபுரம் தெரியுதுடா."

"வீரமாகாளியம்மன் கோயில்மா. ஞாயித்துக்கிழமை லீவுன்னா காலையில இங்கதான் வருவேன். அப்படியே தேக்கா மார்க்கெட் பக்கம் போயி சாப்பிட்டுட்டு, ரூமுக்கு மீனு வாங்கிட்டுப் போவோம்."

"நம்ம ஆளுவளா இருக்கே எல்லாம்... ஏண்டா, எல்லாருக்கும் மூஞ்சி அழிஞ்சிருக்கு?"

தெருக்காட்சியில் வழிப்போக்கர்களின் முகங்களைக் கணினியே மங்கலாக்கிவிடும். அவர்களுடைய அனுமதி வாங்கி எடுத்த படம் இல்லை என்பதால் அந்த ஏற்பாடு. சித்தப்பா அதைச் சொன்னார். அப்பாயி சமாதானமானதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் அந்தக் கூட்டத்திலும் தேடுகிறது என்று எங்களுக்குக் கொஞ்சம் பிறகுதான் புரிந்தது.

"சரி, நீ தங்கியிருக்கிற எடத்தக் காட்டு."

சித்தப்பா தயங்கினார். "அது தூரம்மா. ஒண்ணும் பாக்குறதுக்கு இல்ல."

"காட்டு."

காட்டினார். அகலமான ஒரு சாலை, இரண்டு லாரிகள், நீளமான வேலி, ஒரு கேட். அதற்குப் பின்னால் ஒரே மாதிரி ஜன்னல்கள் வைத்த கட்டடங்கள். ஜன்னல் கம்பிகளில் காயும் சட்டைகள்.

"உள்ள போ தம்பி."

"உள்ள போவ முடியாதும்மா. படம் எடுக்குற காரு ரோட்டோட போயிடும். வாசலோட நின்னுடும்."

"எந்த ஜன்னலு உன்னுது?"

"மூணாவது மாடி. இங்கேருந்து தெரியாது, பின்பக்கம்."

"உள்ள எத்தன பேரு?"

11 வருடத்தில் இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டதில்லை. வீடியோ காலில் எப்போதும் அவர் முகமும் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும்தான் தெரியும். சித்தப்பா மெதுவாகச் சொன்னார். "பன்னெண்டு பேரும்மா. ரெண்டடுக்குக் கட்டில். நான் கீழ."

அப்பாயி கையை நீட்டிக் காற்றில் எதையோ தொடப் பார்த்தது. கன்ட்ரோலர் மடியிலிருந்து கீழே விழுந்தது. "ரூமுக்கு எத்தன ஃபேனு?" என்று மட்டும் கேட்டது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தம்பி மொபைல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தப் பெட்டி அதுவரை கிரிக்கெட்தான்.

கழற்றிய பிறகு அப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: "ஊரு தெரியுது. ஆளு தெரியலையே." பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பி, "அந்தப் போர்வைய நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு இருக்கு" என்றது.

அன்று இரவு அப்பாவும் சித்தப்பாவும் திண்ணையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் எத்தனை வருடம், வீட்டுக் கடன் எவ்வளவு மிச்சம், எப்போது திரும்பி வருவது என்று முதன்முறையாகக் கணக்குப் போட்டார்கள். அதற்குக் காரணம் ஹெட்செட் என்று சொல்ல மாட்டேன். அப்பாயியின் கேள்விதான் காரணம். ஆனால், அந்த வேலியைப் பார்க்காமல் அப்பாயி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

கிருஷ்ணகிரி கல்யாணமும் ஐ.ஐ.டி ஆய்வகமும்

தூரத்தில் இருப்பவரை, ஏன் இல்லாதவரையே பக்கத்தில் கொண்டுவரும் ஆசை நமக்குப் புதிதல்ல. 2022 பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தைச் சேர்ந்த ஒரு ஜோடி, திருமணம் முடிந்த கையோடு மெட்டாவெர்ஸில் வரவேற்பு வைத்தது. ஹாரி பாட்டர் கோட்டை போன்ற அரங்கில் உறவினர்களும் நண்பர்களும் அவதார் உருவங்களாக வந்தார்கள். அதில் மணமகளின் மறைந்த தந்தையும் ஓர் உருவமாக வந்து நின்றார். கொரோனா கட்டுப்பாடுகள் இருந்த நேரத்தில் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இந்தத் தொழில்நுட்பத்தில் நம் மாநிலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி-யில் பேராசிரியர் எம்.மணிவண்ணன் முன்னெடுப்பில் 'எக்ஸ்டிக்' என்ற ஆய்வு மையம் இயங்குகிறது. கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமல்ல, தொடு உணர்வுக்கும் மெய்நிகர் வடிவம் தருவது எப்படி என்பது அங்கே நடக்கும் ஆய்வுகளில் ஒன்று. அப்பாயி காற்றில் கை நீட்டியபோது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. பார்க்கக் கிடைத்ததும் மனிதர்கள் அடுத்து கேட்பது தொடுவதைத்தான்.

வாங்கும் முன், மாட்டும் முன்: 9 குறிப்புகள்

1. வயது: குவெஸ்ட் ஹெட்செட்டுகளுக்குக் குறைந்தபட்ச வயது 10. அதிலும் 10 முதல் 12 வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கில்தான் பயன்படுத்த வேண்டும். சோனியின் பி.எஸ் வி.ஆர் 2, 12 வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது. எங்கள் வீட்டின் 9 வயதுக் குட்டித்தம்பிக்கு அழுகை வந்ததும் 'காவல்காரர்' பதவி கொடுத்தோம். விளையாடுபவர் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்வதும், மொபைலில் காட்சியைப் பார்த்து நேரலை வர்ணனை செய்வதும் அவன் வேலை.

2. நேரம்: முதல் நாள் பத்து நிமிடம் போதும். பழகிய பிறகும் அரை மணிக்கு ஒருமுறை பத்து, பதினைந்து நிமிட இடைவெளி வேண்டும்.

3. வெயில்: லென்ஸின் மீது நேரடி வெயில் படவே கூடாது. பூதக்கண்ணாடியால் காகிதம் எரிப்பதுபோல, சில நொடிகளில் உள்ளே இருக்கும் திரை பொசுங்கிவிடும். முற்றம், மாடி, ஜன்னல் ஓரம், காரின் முன்பக்கம் எங்கும் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடி அலமாரியில் வையுங்கள்.

4. வெளிச்சம்: இருட்டில் கேமராக்களுக்கு அறை தெரியாது. ஒரு டியூப் லைட் வெளிச்சம் போதும். கரன்ட் போனால் ஹெட்செட் பேட்டரியில் ஓடும். ஆனால் அறை இருண்டு, வைஃபையும் நின்றுவிடும் என்பதால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

5. பேட்டரி: குவெஸ்ட் 2-ல் விளையாட்டுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். சார்ஜ் ஏற இரண்டரை மணி நேரம். குடும்பத்தில் ஆறு பேர் என்றால் முதலிலேயே முறை போட்டுவிடுங்கள். சண்டை மிச்சம்.

6. சுத்தம்: முகம் படும் பஞ்சில் வேர்வை இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். ஒருவர் மாறும்போது துடையுங்கள். சிலிக்கான் உறை போட்டால் துடைப்பது எளிது. கண்ணில் எரிச்சலோ சிவப்போ இருப்பவர் மற்றவர்களோடு பகிரக் கூடாது. லென்ஸைக் கண்ணாடி துடைக்கும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டுமே துடைக்க வேண்டும்.

7. உடல்நிலை: வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது.

8. பெரியவர்கள்: உட்காரவைத்தே காட்டுங்கள். சுழலும் நாற்காலி வேண்டாம், கைப்பிடி உள்ள நாற்காலி நல்லது. விளையாட்டில் தொடங்காமல், ஒரு கோயிலோ கடற்கரையோ காட்டும் அசையாத காட்சியில் தொடங்குங்கள். ஒருவர் பக்கத்தில் கையைப் பிடித்திருப்பது அவசியம்.

9. செலவு: ஹெட்செட் விலையோடு கணக்கு முடியாது. நல்ல விளையாட்டுகள் பெரும்பாலும் தனித்தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டியவை. வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தால் பழுது பார்ப்பதும் உத்தரவாதம் கேட்பதும் சுலபமல்ல. முழுப் பணத்தையும் போடுவதற்கு முன் தெரிந்தவர் வீட்டிலோ மாலிலோ பத்து நிமிடமாவது மாட்டிப் பாருங்கள். உங்களுக்குத் தலை சுற்றுமா, சுற்றாதா என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

விடுமுறை முடிந்து சித்தப்பா விமானம் ஏறிவிட்டார், போர்வையோடு. ஹெட்செட்டை ஊரிலேயே விட்டுவிட்டார். சனி, ஞாயிறில் மட்டும் அரை மணி நேரம் என்று தம்பிக்கு ஒப்பந்தம். அம்மாவுக்கு மாலையில் இரண்டு பாட்டு கோலாட்டம். அப்பாயி அதன்பின் அந்தப் பெட்டியைக் கேட்கவில்லை. ஆனால், வீடியோ காலில் அதன் கேள்விகள் மாறிவிட்டன. "சாப்டியா?" என்பதோடு முன்பெல்லாம் வைத்துவிடும். இப்போது போனைத் திருப்பச் சொல்கிறது. கட்டிலைக் காட்டச் சொல்கிறது. மேல் கட்டிலில் படுத்திருக்கும் புதுக்கோட்டைப் பையனிடம், "உங்க அம்மாவுக்குப் பேசுனியா?" என்று கேட்கிறது.